ஒன்றரை வருடம் ஓடிய 43 இன்ச் டிவி: எங்கள் வீட்டுக்கு அது கொடுத்ததும் எடுத்துக்கொண்டதும்

2024 ஆடித் தள்ளுபடியில் வாங்கிய டிவி இது. ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. டிவி விமர்சனம் என்று தேடினால் பெட்டியைப் பிரித்த மறுநாளே எழுதியதுதான் அதிகம் கிடைக்கிறது. படம் பளிச்சென்று இருக்கிறது, டெலிவரி சொன்ன நேரத்துக்கு வந்தது, ஐந்து ஸ்டார் என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு டிவி வீட்டுக்குள் வந்து என்னென்ன செய்யும் என்பது மறுநாள் தெரியாது, ஒரு மழைக்காலம், ஒரு பரீட்சைக் காலம், ஒரு ரிப்பேர் எல்லாம் தாண்டினால்தான் தெரியும். அதனால்தான் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்று எழுதவில்லை. சொல்லப்போவதில் முக்கால்வாசி எந்தக் கம்பெனி டிவிக்கும் பொருந்தும்.

எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், மெஷின் ஹாலில் ஜன்னலோரம் இருக்கிறது, அதனால் காலையிலிருந்து இரவு வரை டிவி ஓடினால் அது என் காதில்தான் ஓடும். என் மாமியாருக்கு 74 வயது, அத்தை என்றுதான் கூப்பிடுவேன், முழங்கால் வலியால் நான்கு வருடமாக வாசல்படி தாண்டுவதே அபூர்வம். மகள் எட்டாவது படிக்கிறாள். மகனுக்கு நாலரை வயது. வீட்டுக்காரர் இரவு ஒன்பதுக்கு வந்து நியூஸ் பார்ப்பார், அவ்வளவுதான்.

இதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி. 2006-ல் ஆரம்பித்த திட்டத்தில் அத்தை கார்டுக்கு வந்தது. அந்தப் பெட்டியைப் பற்றி நான்கு வரி எழுதாமல் புது டிவிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. 2020-ல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன், அதையும் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆன்லைன் வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்வித் தொலைக்காட்சி என்று ஒன்று 2019 ஆகஸ்டில்தான் தொடங்கியிருந்தார்கள், அதில் பாடம் ஓடும். மூன்றாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் அந்தச் சின்னப் பெட்டிக்கு முன்னால் நோட்டை விரித்து உட்கார்ந்து, டீச்சர் போர்டில் எழுதுவதை அவர் அழிப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று வேக வேகமாக எழுதுவாள். கேள்வி கேட்க முடியாது, திருத்த ஆள் கிடையாது, எல்லாக் குறையும் இருந்தது. ஆனால் அது இல்லாமல் போயிருந்தால் அந்த வருடம் அவள் பென்சிலையே தொட்டிருக்க மாட்டாள். 2021 ஜனவரியில் நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடியதையும் அந்தப் பெட்டியில்தான் விடிகாலையில் எழுந்து பார்த்தோம். பந்து கண்ணுக்கே தெரியாது, அவர் ஓடி வருவதும் அப்புறம் எல்லாரும் கை தட்டுவதும்தான் தெரியும். அதற்கே பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாம் வந்து நின்றார்கள். டிவியே கெடுதல், தூக்கிப் போடுங்கள் என்று யாராவது பேசினால் எனக்கு இந்த இரண்டும்தான் ஞாபகம் வரும்.

சரி, புது டிவி. சேலத்தில் ஐந்து ரோடு என்கிற இடத்துப் பக்கம் ஒரு பெரிய கடையில் வாங்கினோம். 43 இன்ச், 4கே, ஸ்மார்ட் டிவி, 26,500 ரூபாய். அப்போது 32 இன்ச்சுக்கு மேல் இருந்தால் ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22-லிருந்து அது 18 ஆகிவிட்டது, ஆகவே இப்போது வாங்குகிறவர்கள் பழைய விலையை வைத்துப் பேரம் பேசாதீர்கள், வரி குறைந்த விலையைத்தான் கேட்க வேண்டும். சுவரில் மாட்டும் ஸ்டாண்டுக்குத் தனிக் காசு வாங்கினார்கள். அதைக் கடையில் சொல்லவே இல்லை, மாட்ட வந்த தம்பி சுவரில் ஓட்டை போட்ட பிறகுதான் சொன்னார்.

முதல் வாரம் எனக்குத் தலைவலி. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, தைக்கிற வேலைதான் காரணம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, கடையில் பத்து டிவிக்கு நடுவே எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தையும் கலரையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள், அதே செட்டிங்கில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. விவிட் என்று இருப்பதை ஸ்டாண்டர்டு ஆக்குங்கள், பேக்லைட்டைப் பாதிக்குக் கீழே கொண்டு வாருங்கள். ஹால் லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்கிற பழக்கமும் வேண்டாம். இவ்வளவு செய்ததும் இரண்டே நாளில் எனக்கு வலி விட்டது. முகம் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்ததும் நின்றது.

அடுத்த ஏமாற்றம் 4கே. கடையில் காட்டுகிற வீடியோவில் புல்லின் மேல் பனித்துளி தெரியும். வீட்டில் கேபிள் போட்டால் முகமே மொழுமொழுவென்று இருக்கிறது. மகள்தான் கண்டுபிடித்தாள். எங்கள் கேபிள் பெட்டி சாதா எஸ்டி பெட்டி, அதில் வருகிற படத்தில் மேலிருந்து கீழே 576 கோடுதான், 4கே டிவியில் இருப்பது 2160 கோடு, கோடு கூடினால் படம் நுணுக்கமாகத் தெரியும். குறைவாக வருவதை இழுத்து நீட்டிக் காட்டினால் அப்படித்தான் இருக்கும். போதாததற்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று பின் வைத்த பழைய ஒயரில் சொருகியிருந்தார்கள். இன்னும் தெளிவாகக் காட்டுகிற எச்டி பெட்டி மாற்றி, படமும் சத்தமும் ஒரே ஒயரில் வருகிற எச்டிஎம்ஐ ஒயர் போட்டபின் படம் தெளிந்தது. 14 இன்ச்சில் மறைந்து கிடந்த குறை 43 இன்ச்சில் வெளியே வருகிறது, அவ்வளவுதான் விஷயம். முக்கால்வாசி நேரம் கேபிள்தான் ஓடும் என்றால் 4கே-க்கு என்று தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல பெட்டி வாங்குங்கள்.

சத்தம் பெரிய குறை. மெல்லிசாகச் செய்கிறோம் என்று ஸ்பீக்கரைக் கீழ்ப்பக்கம் வைத்துவிடுகிறார்கள், சத்தம் முன்னால் வராமல் தரையில் பட்டு வருகிறது. பாட்டு காதைப் பிளக்கிறது, பேச்சு கேட்பதில்லை. அத்தை 40-ல் வைப்பார், விளம்பரம் வந்தால் தெருவுக்கே கேட்கும். சவுண்ட் செட்டிங்கில் பேச்சுக்கு என்று ஒரு மோடு இருக்கிறது, அதில் மாற்றினதும் 22-க்கு இறங்கியது. தனி ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

கரண்ட் விஷயத்தில் பயந்த அளவுக்கு இல்லை. எங்களுடையது சுமார் 80 வாட். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு மாதக் கணக்குக்கு 29 யூனிட் வரும். நூறு யூனிட் இலவசம் போக எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து பில்லில் கூடும் குறையும். ஃபேனை அணைக்க மறந்தாலும் இதே கணக்குதான்.

இது வரைக்கும் சொன்னது பெட்டியைப் பற்றி. இனிமேல்தான் நான் எழுத வந்தது.

பழைய டிவிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் அளவோ படமோ இல்லை. பழையதில் ஒரு நிகழ்ச்சி முடியும். ஏழரைக்கு ஆரம்பித்தால் எட்டுக்கு முடியும், நடுவில் விளம்பரம் வரும். கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அதை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், ஆனால் அந்த விளம்பரத்தில்தான் அரிசி களைந்தேன், அந்த விளம்பரத்தில்தான் மகள் எழுந்து போய் ஹோம்வொர்க் நோட்டை எடுத்து வந்தாள். எழுந்திரு என்று சொல்ல ஒரு இடம் இருந்தது. ஸ்மார்ட் டிவியில் யூடியூப் போட்டால் அந்த இடமே கிடையாது. ஒரு கார்ட்டூன் முடிவதற்குள் அடுத்தது ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறது. நான் ஒரு கைக்கு ஓரம் அடித்து முடித்துத் தலை நிமிர்ந்து பார்த்தால் பையன் மூன்றாவது வீடியோவில் இருப்பான். இதோ இது முடிந்ததும் நிறுத்துகிறேன் அம்மா என்பான். அவன் பொய் சொல்லவில்லை. அது முடிவதே இல்லை.

டிவி வந்த நான்கு மாதத்தில் அவனுக்குச் சோறு ஊட்ட வேண்டுமென்றால் டிவி ஓட வேண்டும் என்று ஆகிவிட்டது. வேலை நெருக்கடியில் எனக்கும் அது சுலபமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. கண் அங்கே, வாய் மட்டும் திறக்கும், இரண்டு உருண்டை கூடவே போகும். காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் குழந்தை டாக்டர் கேட்டார், வீட்டில் எவ்வளவு நேரம் டிவி என்று. சொன்னேன். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிற அளவு இது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: இரண்டு வயது வரை ஸ்கிரீனே வேண்டாம், தூரத்தில் இருக்கிற சொந்தத்தோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவது வேறு. இரண்டிலிருந்து ஐந்து வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருந்து, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் மூன்றரை மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தாளை மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன், ஒட்டியதோடு சரி. வேறொன்றும் மாறவில்லை.

மாறியது டிவி கெட்டுப் போனபோது. டிசம்பர் 31-ஆம் தேதி சாயங்காலம் திரையில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு, மறுநாள் காலையில் அது நான்கு கோடு, அப்புறம் பாதித் திரை கறுப்பு. ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கடைக்குப் போன் செய்தால் கம்பெனிக்குச் சொல்லுங்கள் என்றார்கள், கம்பெனியில் நாளை வருவோம் என்றார்கள். ஆள் வந்தது எட்டாவது நாள், பேனல் மாற்றியது பதினொன்றாவது நாள். வாரண்டியில் இருந்ததால் காசு இல்லை, ஆனால் பில் கேட்டார்கள், ஒரிஜினல் பில். பில்லை டிவி அட்டைப்பெட்டிக்குள்ளேயே போட்டுப் பரண்மேல் வைத்திருந்தேன், அது இல்லையென்றால் புது பேனலுக்கு டிவி விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்று அந்தத் தம்பியே சொன்னார். பில்லைப் போட்டோ எடுத்தும் வையுங்கள்.

அந்தப் பதினோரு நாளைத்தான் நான் இந்த டிவியின் உண்மையான விமர்சனம் என்று நினைக்கிறேன்.

முதல் இரண்டு நாள் பையன் அழுது தீர்த்தான். சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டான். மூன்றாவது நாள் மத்தியானம் சுண்டைக்காய் வத்தக்குழம்பு. பக்கத்தில் உட்கார வைத்துப் பிசைந்துகொண்டிருந்தேன். தட்டைக் குனிந்து பார்த்தான். விரலால் ஒரு வத்தலைத் தொட்டு, இது என்னம்மா குட்டியா இருக்கு என்றான். சுண்டைக்காய் என்றேன். உள்ளே என்ன இருக்கு என்றான். பிதுக்கிக் காட்டினேன், விதை. வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான், கசக்குது, அப்பளம் குடு என்றான். மாதக்கணக்கில் வத்தக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன் அது. அது கசக்கும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. கையில் உருண்டையோடு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அதே பதினோரு நாள் அத்தைக்கு நரகம். இதையும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் குழந்தைக்கு நல்லது நடந்தது என்ற ஒன்றை மட்டும் எழுதினால் அது பாதிதான். அத்தை மணி பார்ப்பது டிவியை வைத்துத்தான். பக்திப் பாட்டு முடிந்தால் காபி, ராசிபலன் முடிந்தால் மாத்திரை, மத்தியான சீரியல் வந்தால் படுக்கலாம். டிவி இல்லாமல் மணி என்ன கண்ணு, மணி என்ன கண்ணு என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லாரும் பேச்சுத்துணைக்கு இருக்கிறோமே என்று நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் நான் மெஷினில், மகள் பள்ளியில், மகன் விளையாட்டில், ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூட அவரோடு யாரும் பேசவில்லை. மீதி நேரம் முழுக்க அந்தப் பெட்டிதான் அவரோடு பேசிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரை படித்தவர், கீழே ஓடுகிற எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து இப்போது மேட்டூர் அணை எத்தனை அடி என்பதை எங்களுக்கு அவர்தான் சொல்வார். ஓடும் எழுத்தைப் பார்த்துப் படிப்பு வருவது கட்டுக்கதை இல்லை. பாட்டுக்குக் கீழே அதே மொழியில் வரியைப் போட்டால் படிக்கத் தெரியாதவர்களுக்கும் எழுத்து பழகும் என்று அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி என்பவர் 1996-லிருந்து வேலை செய்து, தூர்தர்ஷனின் இந்திப் பாட்டு நிகழ்ச்சியிலேயே அதைப் போட வைத்தார். நம்ம சேனல்களும் எல்லாப் பாட்டுக்கும் தமிழில் வரி போட வேண்டும், எத்தனை அத்தைமார்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும்.

ஜனவரி 10 வைகுண்ட ஏகாதசி. வருடா வருடம் ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பதை நேரலையில் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவார். அன்றைக்கு டிவி இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து, கூட்டம் குறைந்த பிறகு, கோட்டை அழகிரிநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நான்கு வருடத்துக்கு அப்புறம் அத்தை பெருமாளை நேரில் பார்த்தார். திரும்பி வந்து நான்கு நாள் முழங்கால் வலியில் எழுந்திருக்கவில்லை. டிவியில் பார்த்தால் பெருமாள் பக்கத்தில் தெரிவார், நேரில் தலைகள்தான் தெரிந்தது என்றார். ஆனால் கற்பூர வாசனையைப் பற்றி ஒரு வாரம் பேசினார். இரண்டும் அவர் வாயாலேயே வந்தது, இதில் எது சரி என்று நான் சொல்லப் போவதில்லை.

பேனல் மாற்றி டிவி திரும்பி வந்த அன்றே சில காரியம் செய்தேன், இதை எல்லாரும் வாங்கிய முதல் நாளே செய்யலாம். யூடியூப் செட்டிங்கில் ஆட்டோபிளே என்பதை அணைத்தேன், இப்போது ஒன்று முடிந்தால் நின்றுவிடுகிறது, நின்றதும் பையன் தானே எழுந்திருப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன், பத்தில் ஏழு தடவையாவது. ஆப் திறக்க பின் நம்பர் போட்டேன். சாப்பிடும்போது டிவி கிடையாது, இது பெரியவர்களுக்கும் சேர்த்து, ஆகவே வீட்டுக்காரரும் சாப்பிட்டபின்தான் நியூஸ். அத்தைக்குக் காலையும் மத்தியானமும் கேபிள் உண்டு, அதில் யாரும் கை வைக்கக்கூடாது. ஆஃப் டைமர் என்று ஒன்று இருக்கிறது, இரவு பத்துக்குத் தானாக அணையும், அதைப் போட்டு வைத்தால் யார் அணைப்பது என்ற சண்டை இல்லை. பெட்ரூமில் இன்னொன்று மாட்டலாம், எக்ஸ்சேஞ்சில் மலிவாக வருகிறது என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹாலில் இருப்பதை எல்லாரும் பார்க்கிறோம், உள்ளே போனால் அவரவர் தனியாகப் பார்ப்பார்கள், யார் என்ன பார்க்கிறார்கள் என்றே தெரியாது.

எனக்கு நேர்ந்ததும் ஒன்று இருக்கிறது. சும்மா ஓடட்டும், காதால் கேட்டுக்கொண்டே தைக்கலாம் என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் ஓட்டினேன். போன ஆவணியில் ஒரு கல்யாணப் பிளவுஸ், பட்டு, ஆரி வேலை செய்தது. கொக்கி வைக்கிற நேரத்தில் சீரியலில் ஒரு பெரிய சண்டை, நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ஊசி ஓட்டினேன். ஏழு கொக்கியையும் மாற்றுப் பக்கத்தில் வைத்துவிட்டேன். பிரித்தால் பட்டில் ஊசித் துளை தெரிகிறது. பட்டு ஒரு முறை குத்தினால் அப்படியே நிற்கும், தண்ணீர் தெளித்துத் தேய்த்தாலும் மூடாது. உள்பக்கம் பட்டி வைத்து மறைத்துக் கொடுத்தேன், அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த துணி என்னிடம் வரவில்லை. பாட்டு கேட்டுக்கொண்டே தைக்கலாம், கதை கேட்டுக்கொண்டே தைக்க முடியாது. கதை கண்ணைக் கூப்பிடும். இப்போது வேலை நேரத்தில் அத்தை பார்க்கும்போது மெஷினை நான் ஜன்னல் பக்கமாகத் திருப்பிக்கொள்கிறேன், டிவிக்கு முதுகு காட்டி.

நல்லதில் இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. 2024 செப்டம்பர் தொடக்கத்தில் பாரீஸ் பாராலிம்பிக்ஸில் மாரியப்பன் உயரம் தாண்டினார். நம்ம மாவட்டம், பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர், 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, இது மூன்றாவது. இரவு வெகு நேரம் ஆகிவிட்டது, மகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம், படு என்று சொல்ல வேண்டியவள் நானே பக்கத்தில் உட்கார வைத்தேன். பெரிய திரையில் அவர் கட்டை முன்னால் நின்று மூச்சு விடுவது வரைக்கும் தெரிந்தது. 1.85-ல் வெண்கலம். மகள் மறுநாள் ஹாலில் சுவரில் ஸ்கேல் வைத்து 185 சென்டிமீட்டருக்குப் பென்சிலால் கோடு போட்டாள், வீட்டுக்காரர் அதன் கீழே போய் நின்றார், தலைக்கு மேலே ஒரு சாண் இருந்தது. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, வெள்ளை அடிக்கும்போது அதைவிட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பேப்பரில் ஒரு ஃபோட்டோவும் நான்கு வரியும் வந்தது, அதைப் படித்திருந்தால் அந்தக் கோடு வந்திருக்காது.

கேபிள் பற்றி. மாதம் இருநூற்றுச் சொச்சம் கட்டுகிறோம். 2019-ல் டிராய் என்கிற மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த முறைப்படி அப்போது அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரி தனி, அதற்கு மேல் நமக்கு வேண்டிய கட்டணச் சேனலை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். நடைமுறையில் கேபிள்காரர் ஒரு பேக்கைத்தான் கொடுக்கிறார், நாம் தேர்ந்தெடுக்கலாம் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கேட்டு வாங்குங்கள். எங்கள் பேக்கில் பார்க்காத பதினான்கு சேனலை எடுக்கச் சொன்னேன், கொஞ்சம் முணுமுணுத்தார், எடுத்துவிட்டார், மாதம் 45 ரூபாய் குறைந்தது. மழை பெய்தால் லைன் போகும், அதற்கு அவர் சொல்லும் காரணம் ஒவ்வொரு தடவையும் ஒன்று.

நாத்தனார் ஏற்காட்டில் இருக்கிறாள், அவள் வீட்டுக்காரருக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. அங்கே கேபிள் லைன் எட்டாது, கூரை மேல் டிஷ்தான். பனிமூட்டம் வந்தால் படம் போய்விடுகிறது அண்ணி என்பாள். பனியால் போவதில்லை. டிஷ்ஷுக்கு வருவது கேயூ பேண்ட் என்கிற அலைவரிசையில் வருகிற சிக்னல், அடர்ந்த மழைதான் அதைத் தின்னும், வெறும் மூட்டத்துக்கு அது அசையாது. அப்படியானால் மழை இல்லாத நாளிலும் ஏன் போகிறது என்று போன மாதம் போயிருந்தபோது கூரையில் ஏறிப் பார்த்தோம். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரம் இரண்டு வருடத்தில் வளர்ந்து ஒரு கிளை சரியாக டிஷ்ஷுக்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கிறது, பனியில் நனைந்து இலை கனத்துத் தொங்கும்போது மறைக்கிறது, வெயில் அடித்தால் விலகுகிறது. கிளையைக் கழித்ததும் சரியாயிற்று. மலைமேல் இருக்கிறவர்கள் டிஷ்காரரைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பதற்கு முன்னால் மரத்தைப் பாருங்கள். இடி இடித்தால் பிளக்கையும் டிஷ்ஷிலிருந்து வருகிற ஒயரையும் இரண்டையுமே பிடுங்க வேண்டும், பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் வரிசையில் ஒரு வீட்டில் அப்படித்தான் பெட்டி கருகியது.

மாதக் கட்டணமே வேண்டாம் என்றால் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது, 2004 கடைசியில் ஆரம்பித்தது, டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் போதும், மாதாமாதம் எதுவும் கட்ட வேண்டாம். தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு. பொதிகை என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது இப்போது டிடி தமிழ், 2024 ஜனவரியிலிருந்து. அது போதும் என்கிற வீட்டுக்குச் சரி.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் படத்துக்கு ஐந்துக்கு நான்கு, அதுவும் செட்டிங் மாற்றிய பிறகு. சத்தத்துக்கு இரண்டு. சர்வீசுக்கு ஒன்று, வந்த தம்பி நல்ல வேலைக்காரர் என்பதால் அந்த ஒன்று.

நாத்தனார் வீட்டுப் பழைய டிவி இந்தக் கார்த்திகையோடு நின்றுவிட்டது. அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. அண்ணி, நீங்கள் வாங்கின மாதிரியே 43 வாங்கட்டுமா என்று கேட்டாள். அவர்கள் முன்னறை எட்டடிதான், 32 போதும் என்றேன், ஒயர் எச்டிஎம்ஐ, கூடவே ஒரு ஸ்டெபிலைசர். இன்டர்நெட்டை இப்போதைக்கு அதில் கொடுக்காதே, பாப்பாவுக்கு மூன்று வயது ஆகட்டும், ஸ்மார்ட் டிவியாக இருந்தாலும் டிஷ் மட்டும் ஓடட்டும் என்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கீழே இறங்கி வருகிறாள், பதினொரு மணிக்கு ஐந்து ரோட்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.